விளையாட்டைச் செய்யும் தொழில்

சென்ற பங்குனி மாதத்தில் ஒருநாள் மாலை, சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை அடுத்த வெற்று மனை ஒன்றில் சிறுவர் சிலர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கக் கண்டோம். சுவரில் கரியால் வரைந்த மூன்று கோடுகளே ஸ்டம்பு. மட்டை பிடிக்கும் முறை வரும்வரை காத்திருந்த நால்வர் மதகின்மேல் அமர்ந்து, ஒரு கைப்பேசியைச் சுற்றித் தலைகள் ஒன்றோடொன்று முட்டக் குனிந்திருந்தனர். என்ன பார்க்கிறார்கள் என்று அணுகி நோக்கினோம். அங்கும் கிரிக்கெட்டே. மனையில் ஆட இடமின்றி நின்றவர் கண்ணாடித் திரையில் ஆடிக்கொண்டிருந்தனர்.

"தம்பி, இதைச் செய்தவர் யார்?" என்று வினவினோம்.

"ஃபாரின் கம்பெனி, சார்," என்றான் கைப்பேசிக்கு உரியவன், தலை நிமிராமலே.

அவன் கையிலிருந்தது உலகக் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் என்னும் பெயருடைய விளையாட்டு. அஃது அயல்நாட்டிற் செய்யப்பட்டதன்று. அச்சிறுவர் முதுகுப்புறம் லாரிகள் ஓடிக்கொண்டிருந்த அதே சாலையில் கிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் சென்றால் வரும் சென்னை மாநகரிற் செய்யப்பட்டது. இதனைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. அவன் நம்பாமையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. நம் மாணவருள்ளும் அவ்வாறு எண்ணுவோர் பலர் உளர் என்பதைப் பின்னர் விசாரித்து அறிந்தோம்.

வீடியோ கேம் என்று உலகோர் வழங்கும் திரை விளையாட்டின் தொடக்கமே ஓடியாடும் விளையாட்டைப் போலச் செய்ததுதான். 1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாத்தம் என்னும் பௌதிக அறிஞர், பார்வையிட வரும் பொதுமக்களை மகிழ்விக்கும்பொருட்டு, ஆஸிலாஸ்கோப்பு என்னும் கருவியின் சிறு வட்டத் திரையில் டென்னிஸ் பந்தொன்றை அங்குமிங்கும் துள்ளச் செய்தார். 1972-இல் அட்டாரி நிறுவனத்தின் பாங் என்னும் மேசைப்பந்து விளையாட்டு கடைத்தெருக்களுக்கு வந்தது. இதற்கு மறுவருடமே ஜப்பான் தேசத்தில் டைட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த தோமோஹிரோ நிஷிகாடோ கால்பந்து விளையாட்டொன்றை அமைத்தார். பின்னர் 1978-இல் உலகம் முழுதும் பரவிய ஸ்பேஸ் இன்வேடர்ஸை இயற்றியவரும் இவரே. ஆகவே விண்வெளிப் போரைக் கற்பிக்குமுன் ஜப்பானியர் பந்தையே கற்றனர் என்க.

அத்தேசத்தில் இத்தொழில் தனித்தனிப் பிரிவுகளாகக் கிளைத்த வரலாறு நாம் ஊன்றிக் கற்கத்தக்கது. ஒசாகா நகரில் 1969-இல் தோன்றிய கொனாமி நிறுவனம், 1983-இல் ஹைப்பர் ஒலிம்பிக் என்னும் ஓட்டப்பந்தய விளையாட்டை வெளியிட்டது. ஓடுவதற்கு இரண்டு பொத்தான்களை மாறி மாறி விரைந்து அழுத்துதல் வேண்டும். விரல் ஓயவே, ஜப்பானியப் பிள்ளைகள் அளவுகோலை அதிரச்செய்து பொத்தானை அழுத்தும் உபாயம் கண்டுபிடித்தனர். பிள்ளைகள் எத்தேசத்தும் பிள்ளைகளே! அந்நிறுவனத்தினுள்ளேயே 1990-களில் ஒரே கால்பந்தாட்டத்தை இரண்டு குழுவினர் தனித்தனியே செய்தனர். ஒசாகாவில் இருந்தவர் செய்தது ஒன்று. தோக்கியோவில் இருந்தவர் செய்து 1995-இல் வெளிவந்த வின்னிங் இலெவன் மற்றொன்று. ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தாற்போன்ற இப்போட்டியில் தோக்கியோ அடுப்பே நின்று நிலைத்தது. ஷிங்கோ தகாத்ஸூகா என்பார் தலைமையில் வளர்ந்த அவ்விளையாட்டே ப்ரோ எவல்யூஷன் சாக்கர் என்று பிற நாடுகளிற் பெயர் பெற்று, 2021-இல் இ-ஃபுட்பால் என்று மறுபெயர் பூண்டது.

சேகா நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவினர் கதை இதனினும் அலைவுடையது. ஜப்பானில் ஜே-லீக் என்னும் தொழில்முறைக் கால்பந்துப் போட்டி 1993-இல் தொடங்கியது. அவ்வெழுச்சியின் நடுவே, 1996-இல் சேகாவினர் ஒரு புதுமை செய்தனர். ஆடுவோன் பந்தை உதைப்பதில்லை. ஒரு கால்பந்துக் கழகத்தையே நடத்துகிறான். வீரரைச் சேர்ப்பதும், சம்பளம் பேசுவதும், மைதானத்தை விரிப்பதும், நஷ்டம் வந்தால் விழிப்பதும் அவன் வேலை. கணக்குப் பிள்ளையின் வேலையை விளையாட்டாக்கிய இதனை யார் விரும்புவர் என்று தோன்றும். ஜப்பானியர் பல்லாண்டு விரும்பினர். 2000-ஆம் ஆண்டில் சேகா தன் பணிமனைகளை ஒன்பது துணைக் கம்பெனிகளாகப் பிரித்தபோது, இவ்வகை விளையாட்டுகள் ஸ்மைல்பிட் என்னும் கம்பெனியின் பங்காயின. மறுவருடம் சேகா தன் சொந்த விளையாட்டுப் பெட்டியைச் செய்யும் தொழிலையே கைவிட்டது. 2004-இல் பிரிந்தவை யாவும் தாய்க் கம்பெனியினுள் மீண்டும் கலந்தன. அங்ஙனம் கலந்தபின் எஞ்சிய விளையாட்டுப் பிரிவினரே 2007-இல், பல்லாண்டு எதிரிகளாயிருந்த நின்டெண்டோவின் மாரியோவையும் தங்கள் சோனிக்கையும் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பெயரால் ஒரே ஓட்டக்களத்தில் நிறுத்தினர். கம்பெனியின் பெயர்ப்பலகை பன்முறை மாறியும் உள்ளே அமர்ந்து வேலை செய்தோரின் கைப்பழக்கம் மாறவில்லை என்பதே இதில் நாம் காண்பது.

அதே சேகா, அமெரிக்காவில் தனக்கிருந்த விஷுவல் கான்செப்ட்ஸ் என்னும் பணிமனையை அவ்வாறு காத்துக்கொள்ள இயலவில்லை. அப்பணிமனை செய்த அமெரிக்கக் கால்பந்து விளையாட்டு 2004-இல் இருபது டாலருக்கும் குறைந்த விலையில் விற்று, பெருங் கம்பெனியாகிய எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸைத் திடுக்கிடச் செய்தது. இக்கம்பெனி விலையைக் குறைத்ததோடு அமையவில்லை. அவ்வருடம் டிசம்பரில் அந்நாட்டுத் தேசியக் கால்பந்துக் கழகத்தோடு ஒப்பந்தம் செய்து, உண்மை அணிகளின் பெயரையும் வீரர் பெயரையும் பயன்படுத்தும் உரிமை முழுதையும் தனக்கே உரியதாக்கிக்கொண்டது. அடுத்த மாதமே சேகா அப்பணிமனையை வேறொருவர்க்கு விற்றுவிட்டது. ஆட்டம் நன்றாயிருந்தும் பெயர் இல்லாமையால் தோற்ற இச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்துக. பின்னர் இதற்கு மீண்டு வருவோம்.

இனிக் கிரிக்கெட்டுக்கு வருவோம். கோடிக்கணக்கான இந்தியர் உயிராக மதிக்கும் இவ்வாட்டத்தைத் திரையில் முதலிற் செய்தோர் இந்தியரல்லர். 1985-இல் இங்கிலாந்தின் ஆடியோஜெனிக் கம்பெனி கிரஹாம் கூச் பெயரால் ஒன்றை வெளியிட்டது. 1992-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துப் பீம் சாப்ட்வேர் ஒன்றைச் செய்தது. பின்னர்ப் பிரையன் லாராவின் பெயரால் வந்தவை நம் நாட்டு வீடுகளிலும் புகுந்தன. நம் முன்னாள் மாணவர் பலர் விடுதி நாட்களில் இரவெல்லாம் ஆடிக் காலை வகுப்பில் உறங்கியதற்குக் காரணமாயிருந்தது 2006-இன் இறுதியில் வெளிவந்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் கிரிக்கெட் 07. அதனை உண்மையிற் செய்தவர் எச்.பி. ஸ்டூடியோஸ் என்னும் பணிமனையார். அஃது இருந்த இடம் கனடா தேசத்தின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள லூனன்பர்க் என்னும் கடற்கரைச் சிற்றூர். கிரிக்கெட் மிக அருகியே ஆடப்படும் ஒரு மீன்பிடி ஊரில் இருந்துகொண்டு ஈடன் கார்டனைச் செய்தனர் என்றால், தெரிந்த தொழில் தெரியாத பொருளையும் ஆளும் என்பது விளங்கும்.

கிரிக்கெட் 07-க்குப் பின்னர் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அவ்வரிசையைத் தொடரவில்லை. 2014-இல் மெல்போர்னின் பிக் ஆன்ட் பணிமனையார் டான் பிராட்மன் பெயரால் ஒன்று வெளியிடும்வரை பெரிய கணினிகளில் இத்துறை ஏறத்தாழத் தரிசாகவே கிடந்தது. இந்தியரோ பழைய 07-ஐயே திருத்தித் திருத்தி ஆடினர். அதற்குள் நிலமே மாறிற்று. 2008-இல் ஆப்பிள், கூகிள் ஆகிய இரு நிறுவனங்களும் கைப்பேசிகளுக்கு விளையாட்டு முதலியன விற்கும் அங்காடிகளைத் திறந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையச் செலவு வீழ்ந்தது. கணினியே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் கைப்பேசி வழியே விளையாட்டுக்குள் வந்தனர். மதகின்மேல் அமர்ந்திருந்த நால்வரும் அவ்வாறு வந்தவரே.

இம்மாற்றத்தைப் பயன்கொண்டோருள் முதன்மையானவர் சென்னை நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா நிறுவனத்தார். பி. ஆர். இராஜேந்திரன் முதலியோர் 1990-களின் நடுவில் தொடங்கிய நிறுவனம் இது. மல்டிமீடியா என்னும் சொல்லே அக்காலத்தை நினைவூட்டும். குறுந்தகட்டில் படமும் ஒலியும் சேர்த்துத் தருவதையே அன்று உலகம் வியந்து பார்த்தது. பிறர்க்கு வேலை செய்துகொடுக்கும் நிலையிலிருந்து தம் சொந்த விளையாட்டுக்கு அவர் மாறினர். உலகக் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் பதிப்பு 2015-இலும் மூன்றாம் பதிப்பு 2020-இலும் வெளிவந்தன. இரண்டாவதில் மட்டை வீசும் அசைவுகள் 150-க்கு மேலும் பந்து வீசும் வகைகள் 28-உம் உள்ளன என்று செய்தோர் தம் விளம்பரத்தில் உரைத்தனர். மழை குறுக்கிட்டு ஆட்டம் நின்றால் டக்வொர்த், லூயிஸ் என்னும் இருவர் வகுத்த கணக்கின்படி இலக்கு மாறும். இதனால் மழைக்குப் பின் இலக்கு எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணித ஆசிரியர் கற்பிக்குமுன் பிள்ளைகள் கைப்பேசியிற் கற்றனர்.

மூன்றாம் பதிப்பில் அசைவுப் பதிவு முறை கையாளப்பட்டது. இஃதாவது, உண்மை ஆட்டக்காரர் ஒருவர்க்குக் குறிகள் பொருத்திய உடை அணிவித்து, அவர் ஆடுவதைச் சுற்றிலும் வைத்த காமிராக்களாற் பதிந்து, மூட்டுகளின் இயக்கத்தை மட்டும் எண்களாகப் பிரித்தெடுத்துத் திரையுருவத்துக்கு ஏற்றுதல். வர்ணனைக்கு மாத்யூ ஹேடன், ஆகாஷ் சோப்ரா ஆகியோரோடு, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் ஆடிய பெண்மணிகளாகிய ஈசா குஹா, அஞ்சும் சோப்ரா ஆகியோரும் குரல் கொடுத்தனர். சென்னையிற் பிறந்து இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய அபினவ் முகுந்தும் வர்ணனையாளருள் ஒருவர். தமிழ் வர்ணனை அதில் ஒலிப்பதைக் கேட்டும் நம் சிறுவன் அதனை அயல்நாட்டுப் பொருளென்றே எண்ணியிருந்தது வியப்பே. அவ்வாண்டு கூகிள் அங்காடி இந்தியாவில் நடத்திய வாக்கெடுப்பில் ஆடுவோர் தெரிந்தெடுத்த விளையாட்டு என்னும் சிறப்பை அம்மூன்றாம் பதிப்பே பெற்றது.

இனி, இத்தொழிலின் உட்கருத்தை ஓர் உதாரணத்தாற் காட்டுவோம். பௌதிகம் பயில்வோர் இதனைக் கூர்ந்து நோக்குக. பயிலாதோரும் அஞ்ச வேண்டா; வகுத்தலும் பெருக்கலும் அறிந்தாற் போதும்.

கிரிக்கெட் ஆடுதளத்தின் இரு புறத்து மட்டைக் கோடுகளுக்கும் இடையேயுள்ள தூரம் 58 அடி, அதாவது 17.68 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்பட்ட பந்து வினாடிக்கு 38.9 மீட்டர் செல்லும். காற்றாலும் தரையில் மோதுவதாலும் குறையும் வேகத்தை நீக்கிப் பார்ப்பின், அது மட்டைக்காரனை அடைய 0.45 வினாடி ஆகும். கைப்பேசித் திரையில் அசைவென்று நாம் காண்பது அசைவன்று. வினாடிக்கு 30 அல்லது 60 நிலைப்படங்கள் விரைந்து மாறுவதேயாம். 30 படமாயின், பந்துவீச்சாளன் கையினின்று மட்டைவரை பந்து 14 படங்களில் மட்டுமே தோன்றும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது 1.3 மீட்டர் தாவிவிடும்.

இப்போது மட்டையை எண்ணுக. விதிப்படி அதன் அகலம் 10.8 சென்டிமீட்டருக்கும், கனம் 6.7 சென்டிமீட்டருக்கும் மிகலாகாது. பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். எனவே ஒரு படத்திற் பந்து மட்டைக்கு ஒரு முழம் முன்னே இருக்கும். அடுத்த படத்தில் இரு முழம் பின்னே போய்விடும். மட்டையைத் தொட்ட கணம் எந்தப் படத்திலும் இல்லை! ஒவ்வொரு படத்திலும் 'பந்து மட்டையைத் தொடுகிறதா?' என்று மட்டும் கேட்குமாறு நிரல் எழுதிய மாணவன், தன் மட்டைக்காரன் எவ்வளவு நேர்த்தியாக வீசினும் பந்து பேய்போல் மரத்தை ஊடுருவிச் சென்று ஸ்டம்பை வீழ்த்தக் கண்டு திகைப்பான். இப்பிழை இத்துறையிற் புகுவோர் யாவரும் ஒருமுறையேனும் படும் பிழை.

பரிகாரம் இரண்டு. படங்களை மிகுத்தல் ஒன்று. ஆனால் ஒரு தாவலில் பந்து மட்டையின் கனத்தைக் கடவாதிருக்க வேண்டுமாயின் வினாடிக்கு ஏறக்குறைய 580 முறை கணக்கிட வேண்டும். மலிந்த விலைக் கைப்பேசியில் அது மின்கலத்தை உறிஞ்சிவிடும். மற்றொன்று, பந்தைப் புள்ளியாக எண்ணாமல் கோடாக எண்ணுதல். முன்படத்தில் இருந்த இடத்தையும் பின்படத்தில் இருக்கும் இடத்தையும் ஒரு கோட்டால் இணைத்து, அக்கோடு மட்டையின் பரப்பை வெட்டுகிறதா, வெட்டினால் எவ்விடத்தில், எக்கணத்தில் என்று கேட்பது. வடிவகணிதத்தில் கோடும் தளமும் சந்திக்கும் கணக்கை நாம் எதற்குப் பயில்கிறோம் என்று சலித்துக்கொள்ளும் மாணவர்க்கு இதோ ஒரு விடை.

இன்னொரு சங்கடமும் உண்டு. திரையிற் கண்டதற்கு விரல் அசைய மனிதனுக்கு ஏறக்குறைய வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். விரல் தொட்டதைக் கைப்பேசி உணர்ந்து படமாக்கச் சற்று நேரம். மட்டையை உயர்த்தி வீசும் அசைவுக்கோ இன்னும் நேரம் வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் பந்து விக்கெட் காப்பாளன் கைக்குப் போயிருக்கும். ஆகையால் பந்து எங்கே விழும் என்பதை ஆடுதளத்தில் ஓர் அடையாளத்தால் முன்னரே காட்டிவிடும் வழக்கம் இவ்விளையாட்டுகளில் ஏற்பட்டது. பந்து வந்து சேரும் இடத்தையும் நிரல் முன்கூட்டியே கணித்து, மட்டை அவ்விடத்துக்கு வரும்படி உருவத்தின் கைகளை மெல்ல வளைத்துவிடுகிறது. ஆடுவோன் தன் திறமையென்று மகிழ்வதில் ஒரு பங்கு, அவனறியாமல் வேறொருவர் செய்த உதவியாகும். எவ்வளவு உதவினால் ஆட்டம் இனிக்கும், எவ்வளவு உதவினால் புளிக்கும் என்னும் அளவறிதலே இத்தொழிலில் அரிது. அதற்குச் சூத்திரம் இல்லை. மைதானத்தில் ஆடிப் பழகினவர்க்கே அது கைவரும் என்பது நம் கருத்து.

முன்னர்ப் பெயரைப் பற்றித் தொட்டு நிறுத்தினோம். உண்மை வீரன் ஒருவனது பெயரை விளையாட்டில் இட வேண்டுமாயின் அதற்குரியாரிடம் உரிமை பெறவும் பொருள் கொடுக்கவும் வேண்டும். கொடுக்க இயலாதார் பெயரைச் சிறிது திரித்து இடுவர். கொனாமியாரே தம் கால்பந்து விளையாட்டில் பிரேசில் வீரர் ராபர்ட்டோ கார்லோஸை 'ராபர்ட்டோ லார்கோஸ்' என்று எழுத்து மாற்றி எழுதினர். சென்னையார் இரண்டாம் பதிப்பில் வீரர் பெயர்களை ஆடுவோரே திருத்திக்கொள்ளும் வசதியை வைத்தனர். கடைக்காரன் பெயர்ப்பலகையை வெறுமையாக விட்டு, வேண்டிய பெயரை நீரே எழுதிக்கொள்க என்பது போன்றது இது. அறமோ, உபாயமோ என்று வழக்கறிஞர் வாதிடுக. பணமில்லாத இடத்திற் புத்தி வேலை செய்தது என்ற அளவில் நாம் அமைவோம்.

இதனை எழுதும்போது நம் நிலப்பகுதியின் தொழில் நினைவுக்கு வாராமற் போகாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் பதனிட்டோர், நெடுங்காலம் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலையே கப்பலேற்றினர். அதனைக் காலணியாக்கி இலாபம் கண்டவர் அயல்நாட்டார். 1972-இல் சீதாராமையா குழுவின் பரிந்துரையும், அதன் பின்னர் அரசாங்கம் அவ்வகைத் தோலின் ஏற்றுமதியைச் சுருக்கியதும் சேர்ந்து, முழுதும் பதனிட்ட தோலுக்கும் பின்னர்க் காலணிக்கும் இவ்வூர்களைத் திருப்பின. அதற்குப் பாலாறு கொடுத்த விலை யாவரும் அறிந்ததே. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவையின் வழக்கிற் கூறிய தீர்ப்பை நம் பொருளாதார மாணவர் படித்திருப்பர். இன்றும் இங்குச் செய்யப்படும் காலணிகளிற் பல, செய்தவர் பெயரால் அன்றி வாங்குகிறவர் பெயராலேயே விற்கின்றன.

நம்மிடம் பயின்று சென்றவருள் ஒருவர் சில வருடங்களாகச் சென்னையில் சித்திர வேலை செய்கிறார். அவர் தாயார் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். மகன் தன் கணினியிற் செய்வதும் காலணியே. அயல்நாட்டார் விளையாட்டொன்றில் ஓடும் வீரர்க்கு அணிவிக்கும் காலணி. தையல் ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்று அவர்க்குக் கட்டளை. "அம்மாவிடம் படம் காட்டினேன், ஐயா. இரண்டாம் தையல் விளிம்பை விட்டுத் தள்ளியிருக்கிறது என்றார்கள். பார்த்தேன், உண்மைதான். திருத்திக் கொடுத்தேன்," என்று சென்ற கோடை விடுமுறையில் நம்மைக் காண வந்தபோது சொன்னார். அவ்விளையாட்டின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அவர் வேலை செய்த நிறுவனத்தின் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறது என்றே சொன்னார். ஆயினும் பட்டியலை மூன்றுமுறை ஓடவிட்டுப் பார்த்தேன் என்றும் கூறினார்.

பிறர் பெயரிற் செய்வதினின்று தம் பெயரிற் செய்வதற்கு ஏறிய சென்னையார் செயல் இக்காரணத்தால் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் அவ்வேற்றமும் முழுமையானதன்று. 2017-இன் இறுதியில் மும்பையின் நசாரா டெக்னாலஜீஸ் கம்பெனி நெக்ஸ்ட்வேவின் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. 2021 மார்ச்சில் நசாரா பங்குச் சந்தைக்கு வந்தபோது, அதன் மதிப்புக்குக் காரணமானவற்றுள் சென்னையிற் செய்த கிரிக்கெட்டும் ஒன்று. ரியல் கிரிக்கெட் என்னும் போட்டி விளையாட்டைச் செய்த புனேயின் நாட்டிலஸ் மொபைல் பணிமனையும் 2025-இல் கொரியாவின் கிராப்டன் கம்பெனியின் ஆளுகைக்குள் சென்றது. இதனை விற்றுவிட்டனர் என்று இகழ்வார் உளர். நாம் இகழோம். இலவசமாக ஆடக் கொடுத்து, இடையிடையே விளம்பரம் காட்டிச் சில்லறையாய்ப் பொருள் சேர்க்கும் இவ்வாணிகத்தில், பதிப்புக்குப் பதிப்பு செலவு ஏறுகிறது. முதல் இல்லாதவர் நிற்க இயலாது. அன்றியும், சேகாவின் வரலாற்றிற் கண்டாற்போல், உரிமை கைமாறியும் செய்வோர் ஒரே அறையில் ஒன்றாய் இருப்பின் கலை பிழைக்கும். அறை கலைந்தால் உரிமை இருந்தும் பயனில்லை. எனவே யார் வாங்கினர் என்பதைவிட, வேலை எங்கே நடக்கிறது, முடிவு செய்பவர் யார் என்று கேட்பதே தக்கது என்போம். இதில் நம்மோடு மாறுபடும் ஆசிரியர் இருவர் உளர். அவர் மறுப்பு எழுதின் அடுத்த மலரில் இடம் தரப்படும்.

ஒன்றைப் பெற்றோர்க்காகச் சொல்ல வேண்டியுளது. திரையில் ஆடுவதெல்லாம் சூதென்று அஞ்சுவோர் உளர். பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளால் தமிழ்நாட்டிற் குடும்பங்கள் அழிந்தமையால், மாநில அரசு 2022-இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தேசம் முழுதும் தடுத்து, அதே சட்டத்தில் மின் விளையாட்டுப் போட்டிகளை வேறு பிரித்து ஆதரித்தது. நாம் ஈண்டுக் கூறியது இவ்விரண்டாம் வகையைப் பற்றியே. இதிலும் காலம் வீணாகும் என்பது மெய். கிரிக்கெட் 07-ஆல் காலை வகுப்பில் உறங்கியவருள் ஒருவர் இன்று நம் ஆசிரியர் குழுவில் உள்ளார் என்பதும் மெய். அவர் அனுமதியோடே இதனை எழுதுகிறோம்.

மாணவர் செய்து பார்க்கத்தக்க கணக்கொன்று தந்து நிறுத்துவோம். சுழற்பந்து வீச்சாளன் ஒருவன் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எறிகிறான். அதே 17.68 மீட்டர் தூரம். திரை வினாடிக்கு 60 படம் காட்டுவது. பந்து எத்தனைப் படங்களில் தோன்றும்? ஒரு படத்துக்கு எவ்வளவு தூரம் தாவும்? அத்தாவல் மட்டையின் அகலத்தினும் பெரிதா, சிறிதா? பாதி வழியில் தரையில் விழுந்து வேகத்தில் கால்பங்கை இழக்குமாயின் விடைகள் எவ்வாறு மாறும்? சரியான விடையை வழியோடு எழுதித் தருவோர், வரும் சனிக்கிழமை மாலை கணினி அறைக்கு வந்து அப்பந்தைத் தாமே திரையில் எறிந்து பார்க்கலாம். சத்துவாச்சாரி மதகின்மேல் அமர்ந்திருந்த சிறுவனையும் அழைத்திருக்கிறோம்.